கை நீட்டிய பள்ளம்

முனியசாமியின் உடலைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மேலே எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அறுத்துத் தைத்து, திருப்பிக் கொண்டுவந்து, மேளத்தோடு எரித்து, மூன்றாம் நாள் பாலும் ஊற்றி முடித்த பிறகும், அவன் நின்ற இடத்தில் ஊருணித் தண்ணீர் மூடிக்கொள்ளவில்லை. கருவேலங்குறிச்சிப் பெண்கள் குடத்தோடு காலையில் போனபோது அதைப் பார்த்தார்கள். நிலைத்து நின்ற பச்சைத் தண்ணீருக்கு நடுவில், மேலே பார்த்த ஒரு முகத்தின் அளவுக்கு ஒரு பள்ளம், அதற்குக் கொஞ்சம் முன்னால் விரித்த உள்ளங்கை அளவுக்கு இன்னொரு பள்ளம். எட்டிப் பார்த்தால் இரண்டும் உள்ளே தோளில் சேர்ந்து, மார்பாக, இடுப்பாக, காலாக இறங்கி, அடியில் சேற்றுக்குள் முழங்கால் வரை போயிருந்தன. வேப்பிலை விழுந்தால் உள்ளே போய்க் காய்ந்து கிடந்தது. மழை பெய்தால் சுற்றிலும் நீர் ஏறியது, பள்ளத்தில் மட்டும் ஒரு சொட்டு நிற்கவில்லை. பெண்கள் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பள்ளத்தில் இடிக்காமல் குடத்தை இடது பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் மொண்டுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். சோறு வடிக்க நேரமாகியிருந்தது.

அவன் யாருக்காகச் செத்தானோ அந்தப் பூமயிலை ஊர் அனுப்பவில்லை. கதையின் மற்ற பாதி அதுதான்.

பூமயில் மணப்பாறைப் பக்கத்துப் பெண். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்து, ஒரு பையும் ஒரு தண்ணீர் பாட்டிலுமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பஸ் கருவேலங்குறிச்சி வந்ததும் பஞ்சரானது. முனியசாமியின் பஞ்சர் கடைக்கு எதிரிலேயே அது நின்றதை டிரைவர் அதிர்ஷ்டம் என்றார். முனியசாமி கடற்கரைப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். அவன் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்க, மனைவி காளீஸ்வரி வெளியே உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்க, பயணிகள் இறங்கி நின்றார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கலாமென்று பூமயில் ஊருணிப் பக்கம் போனாள்.

அந்த ஊருணி குடிதண்ணீருக்கு மட்டுமான குளம். அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு கழுவக் கூடாது, முக்கியமாகக் கால் படக் கூடாது. கால் பட்டால் தண்ணீர் தீட்டாகிவிடும் என்பது அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். காயாத கடைசிப் படி பாதி உடைந்து, பாசி ஏறி, தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே ஒளிந்துகொண்டிருந்தது. அதுவும் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காரணத்தால் ஊர்க்காரர் யாரும் அதில் விழுந்ததில்லை. ஊர்க்காரர் யாரும் விழாத படியைச் சரிசெய்ய வேண்டிய அவசியமும் ஊருக்கு வந்ததில்லை. அந்நியர்கள் விழுவார்கள். ஒருமுறை ஓர் ஆட்டு வியாபாரி விழுந்து, கால் ஒடிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அந்நியர்கள்தானே.

பூமயில் விழுந்தாள். கரையில் பஸ்ஸில் வந்தவர்களும் குடம் வைத்திருந்த பெண்களும் ஆல மரத்தடியில் சீட்டாடியவர்களுமாக ஒரு கல்யாணத்துக்கு வரும் கூட்டம் இருந்தது. சத்தம் கேட்டு வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு எழுந்து ஓடிவந்த முனியசாமி, கை கழுவாமல், சட்டை கழற்றாமல் குதித்தான். அவளைக் கழுத்தோடு தூக்கி உலர்ந்த படிமேல் வீசினான். தண்ணீரைக் கக்கிக்கொண்டு கண் திறக்க முடியாமல் கிடந்த பூமயிலுக்கு அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்றுதான் காதில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். சேற்றில் கால் புதைந்து நின்றவன் கையைத் தூக்கி எல்லோரையும் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே போனதாகச் சொன்னார்கள்.

பள்ளம் வந்த பிறகு ஊர் அதற்குப் பழகிய வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பள்ளத்தின் உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் போட்டார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அளந்துபார்க்க வந்த பொதுப்பணித் துறை இன்ஜினியர், தண்ணீரில் பள்ளம் இருப்பதற்குத் தம் துறையில் தலைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பஸ் பயணிகளுக்காக ஒரு டீக்கடை வந்தது, அதற்குத் தியாகி டீ ஸ்டால் என்று பேர். வெளியூர்க்காரர் வரத்து அதிகமானதால் உடைந்த படியில் வழுக்கியவர்களும் அதிகமானார்கள். வழுக்கி எழுந்தவர்கள் எல்லோரும், தியாகிதான் தாங்கிப் பிடித்தார் என்றார்கள். இப்படியாக அந்தப் படிக்கும் ஒரு மகிமை வந்து, அதைத் தொடவே முடியாமல் போயிற்று.

பூமயிலுக்கு ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். முதல் நாட்களில் பட்டுச் சேலை கொடுத்தார்கள், தேங்காய் மூடியில் பெரிய மூடி அவளுக்குத்தான் வந்தது. அவள் மூன்று தடவை ஊருக்குக் கிளம்பினாள். முதல் தடவை கண்டக்டர் டிக்கெட் கொடுக்கவில்லை.

“ஒரு தியாகத்தை ஏத்திக்கிட்டுப் போயி வழியில எதுவும் ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? இறங்கும்மா” என்றார் கையெடுத்துக் கும்பிட்டபடி.

இரண்டாம் தடவை நடந்தே போனாள். அடுத்த ஊர் எல்லையில் இரண்டு பைக்கில் வந்தவர்கள், மிகுந்த மரியாதையோடு, வெயிலுக்குக் குடை பிடித்து, திருப்பிக் கூட்டிவந்தார்கள். மூன்றாம் தடவை அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா வந்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஊர் போட்ட மாலையை வாங்கிக்கொண்டார், “ஊரே மதிக்குதேத்தா, கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அவருக்கு டிக்கெட் கொடுத்தார்கள்.

ஜவுளிக்கடை வேலை வேறு யாருக்கோ போயிற்று.

மரியாதை கண்காணிப்பாக மாறியது எந்த நாளென்று அவளால் சொல்ல முடியவில்லை. பூ வாங்கினால், “ஒரு உசுரு போயிருக்கு, பூ கேக்குதாக்கும்” என்றார்கள். போனில் யாரோடோ சிரித்தால் தெருவே நின்று பார்த்தது. பரோட்டா தின்றால், இதற்காகவா அவன் செத்தான் என்று கடைக்காரரே சால்னா ஊற்றிக்கொண்டு கேட்டார். அவள் தகுதியைப் பற்றி ஊருக்குள் நிரந்தரமான ஒரு வருத்தம் இருந்தது.

“ஒரு டாக்டரா இருந்திருந்தாக்கூட சரி, அவன் செத்ததுக்கு நாலு பேரு பொழைப்பாக” என்றார் சீட்டாடுகிறவர்களில் ஒருவர்.

“பில் போடுற புள்ள. அதுவும் போடப் போற புள்ள, இன்னும் போடக்கூட இல்ல” என்றார் இன்னொருவர்.

“நல்லாப் படிச்சிருக்கியாத்தா?” என்று அந்த வழியாகப் போன பூமயிலிடம் கேட்டார் முதலாமவர்.

“பி.காம். ஒரு அரியர் இருக்கு.”

“அரியர் வேற” என்று சீட்டைக் கவிழ்த்தார் அவர்.

மாசித் திருவிழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். முன்பின் தெரியாதவருக்காக உயிரைக் கொடுப்பது பெருமையா, பெற்ற கடனையும் கட்டிய கடனையும் மறந்த பொறுப்பின்மையா என்பது தலைப்பு. பூமயிலை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பேசியவர்கள் ஒவ்வொருவரும் அவளைக் கை காட்டிப் பேசினார்கள். பெருமை அணிக்காரர் அவளைப் பார்த்துக் கண் கலங்கினார், பொறுப்பின்மை அணிக்காரர் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நான் அவர்கிட்ட எதையும் கேக்கலையே, அவரும் எங்கிட்டக் கேக்கலையே, இப்ப நீங்க மட்டும் எதுக்கு எங்கிட்டக் கேக்குறீங்க என்று. நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார், கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. உடைந்த படியைப் பற்றி எந்த அணியும் பேசவில்லை. அது தலைப்பில் இல்லை.

முதலாண்டு நினைவு நாளுக்கு முந்தின நாள் ஊர்த் தலைவர் சேதுராமு அவள் அறைக்கு வந்து, வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர் முடிவைச் சொன்னார். கரையில் முனியசாமிக்குச் சிலை திறக்கப் போகிறார்கள், ஆசீர்வாதக் கையோடு. அன்றைக்கு அவள் ஊருணித் தண்ணீரைக் கையில் ஏந்தி, இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன், கல்யாணம் கட்டமாட்டேன், காலம் பூராவும் பள்ளத்துக்கு விளக்கேற்றுவேன் என்று ஊர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும்.

“முடியாதுன்னா?”

தலைவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அது எப்படித்தா முடியாதும்ப? அது உன் உசுரு இல்லையே” என்றார் மிகவும் பணிவாக.

அன்று சாயங்காலம் அவள் பஞ்சர் கடைக்குப் போனாள். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் தெருவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள் நேராகப் போனாள். இழவு வீட்டில் பார்த்ததற்குப் பிறகு காளீஸ்வரியை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. காளீஸ்வரியும் பள்ளத்தைப் பார்த்ததில்லை. ஊருணித் தண்ணீரை விட்டுவிட்டு, கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, கணவன் கடையைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள். உன் புருஷன் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டே போனாரு என்று சொல்ல வந்தவர்கள் எல்லோரிடமும், “வண்டிக்குக் காத்துப் பிடிக்கணுமா?” என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

“பஞ்சரா?” என்றாள் காளீஸ்வரி, தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக்கொண்டே, தலை நிமிராமல்.

“இல்லக்கா. நான் பூமயில்.”

“தெரியுது. இந்த ஊருல செருப்புச் சத்தம் கேக்காம நடக்கப் பழகுனது நீ ஒருத்திதான்.”

பூமயில் நின்றாள். டியூபிலிருந்து குமிழி வந்தது.

“எம் மேல கோவமாக்கா?”

“உம் மேல எதுக்கு? வழுக்குற படியில எவ கால வச்சாலும் வழுக்கும். கோவம் அவன் மேலதான். மதியத்துக்கு மீனு வாங்கவா வேணாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், பதில் சொல்லாம எந்திரிச்சு ஓடிட்டான்.” குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். “ஊரு பூரா வந்து, எவ்வளவு பெரிய மனசுங்குறாக. எனக்கு எங்க பெரிய மனசு? முன்ன பின்ன தெரியாத புள்ளைக்காக எங்க ரெண்டு பேரு வாழ்க்கையையும் தூக்கிக் குடுத்துட்டானேன்னுதான் தெனமும் வையிறேன். பாதி எனக்குச் சொந்தமில்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கேட்டிருந்தா நான் செத்திருப்பேன்க்கா.”

“அதுவும் சரிதான்” என்றாள் காளீஸ்வரி. கொஞ்ச நேரம் உப்புத்தாளால் டியூபைத் தேய்த்தாள். “நீ சொல்லு. அவன் எடத்துல நீ இருந்தா குதிச்சிருப்பியா?”

“எனக்கு நீச்சல் தெரியாதே.”

“தெரியும்னு வச்சுக்க.”

பூமயில் யோசித்தாள். ஒரு வருஷமாக எத்தனையோ பேர் அவள் தலைக்கு மேல் பேசிய விஷயத்தை அவளிடமே ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை, அதனால் பொய் சொல்லக் கூடாதென்று நினைத்தாள்.

“குதிச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன். குதிச்சுத் தூக்கிப் போட்டுட்டு, திரும்பி மேல வரப் பாத்திருப்பேன். சாகுறதுக்கு யாருக்கா குதிப்பா?”

காளீஸ்வரியின் கை நின்றது. டியூபைத் தொட்டியில் போட்டாள், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. பழந்துணியில் கை துடைத்தாள்.

“அந்தப் பள்ளத்த நாளைக்கு வந்து பாக்குறேன்” என்றாள்.

மறுநாள் காலையில் ஊருணிக் கரை முழுக்கப் பந்தல், ஒலிபெருக்கி, மஞ்சள் துணி மூடிய சிலை. தலைவர் மைக்கில், தன்னுயிர் என்று தொடங்கி மன்னுயிருக்குப் போய்க்கொண்டிருந்தார். பூமயில் ஈரத் தலையோடு படியில் நின்றாள், சத்தியத்துக்கு ஒரு வெண்கலச் செம்பு பக்கத்தில் வைத்திருந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட, கையில் கிரீஸோடு காளீஸ்வரி இறங்கிவந்தாள். கடைசி உலர்ந்த படியில் குந்தி உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்தாள். மேலே பார்த்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

“இது ஸ்பேனர் கேக்குற கை” என்றாள் காளீஸ்வரி.

அது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

“என்னத்தா சொல்ற?” என்றார் தலைவர்.

“பத்து வருசமா இந்தக் கையிலதான் சாமான் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, பேச மாட்டான், பாக்க மாட்டான், கையை மட்டும் இப்படி நீட்டுவான். என்ன வேணுமோ நான் வைக்கணும்.” அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். “ஆசீர்வாதம் பண்ற கை எப்படி இருக்கும்? உள்ளங்கை ஊரப் பாத்து நிமிந்து நிக்கும். இது மல்லாந்து கெடக்கு. விரலு மடங்கப் பாக்குது, பாருங்க. பிடிச்சுக்க எதையாவது குடுங்கன்னு கேட்டிருக்கான். நீங்க குலவை போட்டிருக்கீக.”

எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகத் தினமும் பார்த்ததுதான். படியில் படுத்துக் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மல்லாந்து, விரல் மடங்கத் தொடங்கி, எலுமிச்சம்பழத்தோடு.

“கால் படக் கூடாதுல்லத்தா, அதான்…” என்று இழுத்தாள் முன்வரிசையில் குலவைக்கென்றே குடத்தோடு வந்திருந்த ஒரு பெண்.

“கை படலாமே, மதினி. தெனமும் குடம் முக்குறப்ப மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகுதே.”

அந்தப் பெண் தன் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளும் பார்த்தாள். சீட்டாடுகிறவர்கள் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தலைவர் மைக்கைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். ஒரு வருஷமாக ஊரில் தியாகம் என்று ஒன்று நடந்திருந்தது, இப்போது அது நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக நடந்தது என்னவென்று யாரும் சொல்ல விரும்பவில்லை.

பூமயில் செம்பைத் தள்ளிவைத்தாள்.

“நான் குடுக்குறேன்” என்றாள். “எனக்கு நீச்சல் தெரியாது. சாகவும் இஷ்டமில்ல. யாராவது என் காலைப் பிடிச்சுக்கங்க.”

அவள் உலர்ந்த படியில் குப்புறப் படுத்தாள். யாரும் அசையவில்லை. காளீஸ்வரி வந்து அவள் கணுக்கால்களைப் பிடித்தாள், கிரீஸ் கை வழுக்கியது, சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். “ஒருத்தியாப் பிடிச்சா தாங்காது” என்றாள் யாரிடமென்றில்லாமல். மதினி முறைக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து காளீஸ்வரியின் இடுப்பைப் பிடித்தாள். அவளை அவள் கணவன் பிடித்தான். அவனைச் சீட்டாடியவர் பிடித்தார். ஒவ்வொருவராக, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து, படியெல்லாம் ஏறி, பந்தலைத் தாண்டி, ஆல மரத்தைச் சுற்றி ஊர் நீண்டது. எல்லோருக்கும் கடைசியில், மைக்கைக் கீழே வைக்க மனமில்லாமல், ஒரு கையால் மட்டும் தலைவர் பிடித்துக்கொண்டார்.

பூமயில் கையை நீட்டி, எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரில் இருந்த கையைப் பிடித்தாள்.

வெறும் பள்ளந்தான், பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அது பிடித்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல ஓர் இழுப்பு வந்தது, பூமயில் ஒரு முழம் வழுக்கினாள், மோவாய் தண்ணீரில் முங்கியது, “விட்றாதீங்க!” என்று காளீஸ்வரி கத்த, அந்தக் கத்தல் ஆளுக்கு ஆளாக ஏறிப் போய் ஆல மரத்தடியில் “விட்றாதீங்க” என்று முடிய, எல்லோரும் ஒருசேரப் பின்னால் சாய்ந்தார்கள். சேற்றிலிருந்து ஒரு கால் உருவுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு கால். பூமயிலின் கை சட்டென்று லேசாகி மேலே வந்தது. அதில் மணிக்கட்டு வரை கிரீஸ் அப்பியிருந்தது.

ஊருணித் தண்ணீர் மூடிக்கொண்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை, நீண்ட நேரமாகப் பிடித்துவைத்த மூச்சை ஒருவர் விடுவது போல இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கியதும் ஊருணியில் மட்டம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பாசியோடு, பாதி மூளியாக, உடைந்த படி வெயிலில் வெளியே வந்தது.

ஊர் அதைச் சுற்றி நின்று பார்த்தது, முன்பின் பார்த்திராத ஒன்றைப் பார்ப்பது போல. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தார்.

“இந்தப் படிக்குத் தியாகியோட பேரை வைக்கணும்னு…”

“பேரு வேணாம்” என்றாள் காளீஸ்வரி. “சிமெண்டு வைங்க.”

பூமயில் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது பஞ்சர் கடை வாசலில் காளீஸ்வரி அதே டியூபை முக்கிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி கேன் தண்ணீரில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள், மூடியைத் தானே இறுக்கினாள். காரைக்குடி பஸ் வந்தது.

உள்ளே கூட்டம். ஜன்னல் சீட்டில்லை. யாரும் எழுந்து இடம் விடவில்லை, யாரும் கும்பிடவில்லை. கண்டக்டர் நெரிசலில் பிதுங்கிக்கொண்டு வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். அவள் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தாள்.

“காலங்காத்தால ஐந்நூறக் குடுத்தா நான் எங்கம்மா போவேன்?” என்று எரிந்து விழுந்தார் அவர். “சில்லறை வச்சுக்கிட்டு ஏற மாட்டீங்களா? உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே என் உசுரு போகுது.”

“போக வேண்டாம்ண்ணே, தேடிப் பாக்குறேன்” என்றாள் பூமயில். கம்பியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிரீஸ் கையால் பைக்குள் துழாவ ஆரம்பித்தாள்.